கொலுசு விலைக் கணக்கீட்டு நிரலைப் பிறர் நகலெடுக்காமல் தடுக்க வழி உண்டா?

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை (கேள்வி)

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மூன்று தலைமுறையாக வெள்ளிக் கொலுசும் மெட்டியும் அரைஞாணும் செய்து விற்கும் குடும்பம் எங்களுடையது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பட்டறைக்கென ஒரு வலைத்தளம் அமைத்தோம். எடையையும் வெள்ளியின் டச்சையும் (தூய்மை அளவையும்) தேர்ந்தெடுத்தால், அன்றைய வெள்ளி விலை, சேதாரம், செய்கூலி, 3 விழுக்காடு ஜி.எஸ்.டி. எல்லாவற்றையும் சேர்த்து முழுத் தொகையை உடனே காட்டும் கணக்கீட்டுப் பகுதி ஒன்று அதில் இருக்கிறது. தளத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அதற்காகவே வருகிறார்கள்.

சென்ற வாரம் உறவினர் ஒருவர் வேறொரு வெள்ளிக்கடையின் தளத்தைக் கைப்பேசியில் காட்டி, "இதுவும் உங்களுடையதுதானா?" என்று கேட்டார். பெயரும் நிறமும் மாறியிருந்தன. மற்றபடி எங்கள் கணக்கீட்டுப் பகுதி அப்படியே அங்கே இருந்தது. எங்கள் நிரலில் நெடுநாளாக ஒரு பிழை உண்டு: 10 கிராமுக்குக் குறைவான மெட்டிக்குச் சேதாரத்தை இரண்டு முறை மேல்நோக்கி முழுமையாக்கிவிடும், அதனால் சில ரூபாய் கூடுதலாகக் காட்டும். திருத்த வேண்டும் திருத்த வேண்டும் என்று தள்ளிப்போட்டிருந்தேன். அவர்கள் தளத்தில் மெட்டியின் எடையைக் கொடுத்துப் பார்த்தபோது அதே கூடுதல் தொகை வந்தது. ஆகவே தற்செயலாக ஒத்திருக்கிறது என்று சொல்ல இடமில்லை.

ரைட் கிளிக்கை முடக்குவது, எஃப்12 விசையை வேலை செய்யாமல் ஆக்குவது, பக்கத்தின் நிரலைக் காட்டும் உலாவியின் டெவலப்பர் கருவிகளை யாராவது திறந்தால் பக்கத்தையே நிறுத்திவிடும் நிரல் ஒன்றைச் சேர்ப்பது ஆகியவற்றை ஒருவர் பரிந்துரைத்து, அதற்கு விலையும் சொல்லியிருக்கிறார். இவை பயன் தருமா? அந்தக் கருவிகளைக் கொண்டு அடுத்தவர் தளத்தின் நிரலைப் பார்ப்பதே சட்டப்படி குற்றமாகாதா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அஸ்தம்பட்டி நிரலாளர்

வணக்கம் ஐயா. பணம் கொடுப்பதற்கு முன் கேட்டீர்கள், நல்லது.

உங்கள் பக்கத்தை ஒருவர் திறக்கும்போது நடப்பது என்னவென்றால், உங்கள் சர்வர் அந்த நிரல் முழுவதையும் ஒரு நகலாக அவருடைய கணினிக்கு அனுப்பிவைக்கிறது. கணக்கு நடப்பது அவருடைய கணினியில்தான், உங்கள் சர்வரில் அன்று. அனுப்பிவிட்ட பொருளைப் "பார்க்காதே" என்று சொல்வதற்கு உங்களிடம் எந்தக் கட்டுப்பாடும் மிஞ்சுவதில்லை, ஏனென்றால் உலாவி அவருடையது, உங்களுடையது அன்று.

எஃப்12 விசையை முடக்கினால், உலாவியின் மெனுவுக்குள் போய் அதே கருவியைத் திறக்கலாம்; மெனுவை உங்கள் நிரலால் தொட முடியாது. ரைட் கிளிக்கை முடக்கினால், முகவரிக்கு முன்னால் 'வியூ-சோர்ஸ்' என்று சேர்த்து மூலத்தைப் படிக்கலாம். கருவி திறந்திருக்கும்போது பக்கம் திரும்பத் திரும்ப நிற்கும்படி 'டீபக்கர்' என்ற கட்டளையைச் சுழலுக்குள் வைப்பார்கள். குரோமில் கண்ட்ரோல்+எஃப்8 அழுத்தினால், நிரலை இடையில் நிற்கவைக்கும் நிறுத்தப் புள்ளிகள் எல்லாம் ஒரேயடியாகச் செயலிழக்கும், சுழல் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். குறிப்பிட்ட வரியின் எண்மீது ரைட் கிளிக் செய்து, அங்கே மட்டும் நிற்க வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்கிறது. இவை ஒன்றும் தெரியாதவர்கூட 'கர்ல்', 'டபிள்யூகெட்' போன்ற கட்டளைகளால் உங்கள் கோப்பை உலாவியே இல்லாமல் இறக்கிக்கொள்ளலாம். உலாவியே இல்லாத இடத்தில் எஃப்12 எங்கே இருக்கும்?

இந்தக் கருவிகள் திருடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2006இல் ஃபயர்ஃபாக்ஸுக்கு 'ஃபயர்பக்' என்ற நீட்சி வருவதற்கு முன், ஒரு மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று பார்க்கப் பக்கத்தில் எச்சரிக்கைப் பெட்டியை வரவழைத்து, ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தோம். உங்கள் மெட்டிப் பிழையைத் திருத்தப்போகும் நாளில், சேதாரம் கணக்கிடும் வரியில் ஒரு நிறுத்தப் புள்ளி வைத்து ஒவ்வோர் அடியாக நகர்த்திப் பாருங்கள். இரண்டாவது முழுமையாக்கல் எங்கே நடக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இப்போது உங்களிடம் நான் சில கேள்விகள் கேட்க வேண்டும். முதலாவதாக, கருவியைத் திறந்து 'சோர்சஸ்' பகுதியில் பாருங்கள்: நிரல் சுருக்கப்பட்ட ஒற்றை வரியாகத் தெரிகிறதா, அல்லது நீங்கள் எழுதிய கோப்புறைகளும் குறிப்புரைகளும் அப்படியே தெரிகின்றனவா? பின்னது என்றால், உங்கள் தளம் 'சோர்ஸ் மேப்' கோப்புகளையும் சேர்த்து வெளியிடுகிறது என்று பொருள். சுருக்கிய நிரலில் பிழை தேடுவதற்கு உதவியாக, மூலநிரல் முழுவதையும் தன்னுள் வைத்திருக்கும் கோப்பு அது. தளம் கட்டும் கருவிகளில் 'கிரியேட் ரியாக்ட் ஆப்' கொண்டு கட்டியவர்கள் வேண்டாமென்று தனியாகச் சொல்லாவிட்டால் அது தானாகவே உருவாகிவிடும். 'வீட்' கொண்டு கட்டியவர்களுக்கு வேண்டுமென்று கேட்டால்தான் உருவாகும். இரண்டாவதாக, மொத்த வியாபாரிகளுக்குத் தனிச் செய்கூலி உண்டா, இருந்தால் அந்த அட்டவணை எங்கே இருக்கிறது? மூன்றாவதாக, தளத்திலேயே ஆர்டர் எடுத்துப் பணமும் பெறுகிறீர்களா?

ஏற்காட்டு மிளகுக்கொடி

ஐயா, நாங்கள் ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் விருந்தினர் தங்கும் அறைகள் நடத்துகிறோம். நீங்கள் சொல்லும் அதே தடுப்பு நிரலை நாங்கள் ஒருமுறை போட்டுப் பட்டிருக்கிறோம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் புகைப்படங்களையும் முன்பதிவுப் பக்கத்தையும் வேறு விடுதிக்காரர் எடுத்துவிடுவார் என்று அஞ்சி, தளம் அமைத்துக் கொடுத்தவரிடம் கேட்டு அதைச் சேர்த்தோம். ஜன்னலின் வெளி அகலத்துக்கும் உள் அகலத்துக்கும் இடையே 160 பிக்சலுக்கு மேல் வேறுபாடு இருந்தால், பக்கவாட்டில் டெவலப்பர் கருவி திறந்திருக்கிறது என்று அந்த நிரல் முடிவுசெய்து, பக்கத்தை வெறுமையாக்கிவிடும். கேட்பதற்குப் புத்திசாலித்தனமாகத்தான் இருந்தது.

கோடை விடுமுறைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஆண்டுதோறும் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில், "என்னம்மா, விடுதியை மூடிவிட்டீர்களா? உங்கள் பக்கம் வெள்ளையாக வருகிறதே" என்று கேட்டார். அவர் கண்பார்வைக்காக உலாவியில் எழுத்தை 125 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி வைத்திருப்பவர். 1366 பிக்சல் அகலமுள்ள மடிக்கணினியில் அப்படிப் பெரிதாக்கினால் குரோம் உள் அகலத்தை ஏறத்தாழ 1093 என்று சொல்லும், வெளி அகலம் மாறாது, வேறுபாடு 273. அதாவது, கண் மங்கியவர் ஒவ்வொருவரையும் எங்கள் தளம் திருடர் என்று எண்ணி வாசலோடு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அவருக்கு எங்கள் எண் தெரியும், அதனால் அழைத்தார். தெரியாதவர்கள் எத்தனை பேர் வேறு விடுதிக்குப் போனார்கள் என்பதை இனி எண்ண முடியாது. கருவியைத் தனி ஜன்னலாகத் திறப்பவரை அந்த நிரல் கண்டுபிடிப்பதே இல்லை என்பதையும் பிறகுதான் அறிந்தோம். படங்களோ, எப்படியும் எடுக்கப்பட்டுவிட்டன. திரைப்பிடிப்பு எடுப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லையே.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை

இருவருக்கும் நன்றி. ஏற்காட்டு அம்மா சொன்னதைப் படித்தபின், அந்தத் தடுப்பு நிரலுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அஸ்தம்பட்டி ஐயா கேட்டபடி பார்த்தேன். பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. சோர்ஸ் மேப் வெளியில்தான் இருக்கிறது. தமிழில் எழுதிய குறிப்புரைகள்கூடத் தெரிகின்றன. "இந்தக் கணக்கு அப்பாவிடம் கேட்கவும்" என்ற வரியும் ஊருக்கே திறந்து கிடக்கிறது. அதைவிட மோசமானது, மொத்த வியாபாரிகளுக்கான செய்கூலி அட்டவணை முழுவதும் அதே நிரலுக்குள் இருக்கிறது. வியாபாரி தன் குறியீட்டைக் கொடுத்தால்தான் திரையில் அவருக்குரிய கூலி வரும். ஆனால் ஓசூர்க்காரருக்கு என்ன கூலி, மதுரைக்காரருக்கு என்ன கூலி என்பது கோப்பைத் திறந்தவர் எவருக்கும் தெரியும். எங்கள் வியாபாரத்தில் ஒருவருக்குக் கொடுக்கும் கூலி மற்றவர் காதுக்கு எட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆர்டரும் தளத்திலேயே எடுக்கிறோம். தொகையைப் பக்கமே கணக்கிட்டு அனுப்பும்.

ஐந்து ரோடு

தடுப்பு நிரல் வீண் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் நிரலைக் குழப்பி எழுதும் முறையையும் அதோடு சேர்த்து ஒதுக்கிவிட வேண்டாம். மாறிகளின் பெயர்களை அர்த்தமற்றவையாக்கி, சொற்களையெல்லாம் ஒரு பட்டியலுக்குள் மறைத்து, நிரலின் ஓட்டத்தையே சிக்கலாக்கித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஒழுங்குபடுத்திப் படிக்க முயன்றால் இயங்காமல் போகும்படியும் அமைக்கலாம். பூட்டு எவ்வளவு நல்லதானாலும் உடைக்க முடியும் என்பதற்காக நாம் கடையைத் திறந்துபோட்டுவிட்டா வீட்டுக்குப் போகிறோம்? கடைத்தெருவில் நகலெடுப்பவர் பெரும்பாலும் சோம்பேறி. அரை நாள் வேலை என்றால் விட்டுவிடுவார்.

அஸ்தம்பட்டி நிரலாளர்

ஐந்து ரோடு நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் பூட்டு என்ற உவமை முழுக்கப் பொருந்தாது: பூட்டிய கடைக்குள் இருக்கும் சரக்கை வாடிக்கையாளர் எடுத்துப்போகவில்லை, இங்கே சரக்கைப் பொட்டலம் கட்டி அவர் கையிலேயே கொடுத்துவிட்டோம், முடிச்சைத்தான் இறுக்குகிறோம். மேலும், கோப்பை அப்படியே தூக்கித் தன் தளத்தில் வைத்துக்கொள்பவர் அதைப் படிக்க வேண்டியதே இல்லை. குழப்பிய நிரலும் அவருடைய தளத்தில் இயங்கும். குறிப்பிட்ட முகவரியில் மட்டும் இயங்கும்படி பூட்டலாம் என்பது உண்மை, அந்த ஒரு சோதனையைத் தேடி நீக்க வேண்டிய வேலை அவருக்கு வரும். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலையும் இருக்கிறது: ஓட்டத்தைச் சிக்கலாக்கும் அந்த அமைப்பு வேகத்தை ஒன்றரை மடங்கு வரை குறைக்கலாம் என்று அப்படிப்பட்ட கருவி ஒன்றின் கையேடே எச்சரிக்கிறது, கோப்பின் அளவும் பெருக்கும். மலைமேல் சிக்னல் ஒரு கோடு காட்டும் கைப்பேசியில் உங்கள் பக்கம் திறப்பதை நினைத்துப் பாருங்கள். நிரலை வெப் அசெம்பிளியாக, அதாவது மனிதர் எளிதில் படிக்க முடியாத இருமக் கோப்பாக, மாற்றினால் பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். அதையும் படிக்கத்தக்க வடிவத்துக்குத் திருப்பும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பட்டறை ஐயாவுக்கு: நிரல் களவு போனதைவிட உங்கள் பதிலின் கடைசி வரிதான் என்னைத் திடுக்கிட வைத்தது. தொகையைப் பக்கமே கணக்கிட்டு அனுப்பினால், கருவியைத் திறந்த எவரும் 8,400 ரூபாய்க் கொலுசை 84 ரூபாய் என்று மாற்றி ஆர்டர் செய்யலாம். கருவியின் நெட்வொர்க் பகுதியில் சர்வருக்குப் போகும் அந்தக் கோரிக்கையைப் பார்த்து, எண்ணை மாற்றித் திரும்ப அனுப்பினால் போதும். ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள். இன்றைக்கே செய்கூலி அட்டவணையை நிரலிலிருந்து எடுத்துவிட்டு, சோர்ஸ் மேப் கோப்புகளைச் சர்வரிலிருந்து அழியுங்கள். அடுத்த முறை கட்டும்போது அவை உருவாகாதபடி அமைப்பை மாற்றுங்கள். பிறகு கணக்கீட்டைச் சர்வருக்குக் கொண்டுபோங்கள். பக்கம் எடையையும் டச்சையும் மாதிரி எண்ணையும் மட்டும் அனுப்பட்டும், சர்வர் தொகையைக் கணக்கிட்டுத் திருப்பி அனுப்பட்டும். வியாபாரிகள் உள்நுழைந்தபின் அவரவர் கூலி மட்டும் அவரவருக்குப் போகும். ஆர்டர் வரும்போது, பக்கம் எந்தத் தொகையைச் சொன்னாலும் பொருட்படுத்தாமல் சர்வர் மறுபடியும் கணக்கிட வேண்டும். பழைய அட்டவணையை ஏற்கெனவே யாராவது பார்த்திருப்பார்கள் என்றே வைத்துக்கொண்டு, வியாபாரிகளுடன் என்ன பேசுவது என்பதை அப்பாவோடு கலந்து முடிவுசெய்யுங்கள்.

அப்போதும் ஒருவர் நூறு எடைகளைக் கொடுத்து வரும் தொகைகளை வைத்து உங்கள் சூத்திரத்தை ஊகிக்கலாம். ஒரே முகவரியிலிருந்து நிமிடத்துக்கு இத்தனை கேள்விதான் என்று வரம்பு வைத்தால் அது கடினமாகும். ஆனால் செவ்வாய்ப்பேட்டையில் சேதாரக் கணக்கு தெரியாத பட்டறைக்காரர் யார் இருக்கிறார்?

இன்னொன்று. அன்றாட வெள்ளி விலை உங்கள் பக்கத்துக்கு எங்கிருந்து வருகிறது? அதை யார் யார் கேட்கிறார்கள் என்பதையும், வரும் கோரிக்கைகளைக் குறித்துவைக்கும் சர்வரின் அணுகல் பதிவில் பார்த்துச் சொல்லுங்கள்.

குகை வழக்கேடு

நிரல் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. சட்டத்தைப் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் இலக்கியப் படைப்பு என்ற வரையறைக்குள் அடங்குகிறது. எழுதிய கணமே உரிமை பிறந்துவிடும். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் சான்றாக உதவும். ஆனால் உரிமை எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான், கருத்துக்கு அன்று. இதை உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர். ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் பிலிம்ஸ் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. எடையோடு சேதாரத்தைக் கூட்டிக் கூலியைச் சேர்ப்பது என்ற கணக்கு யாருக்கும் சொந்தமில்லை. அதைச் செய்ய எழுதப்பட்ட அந்த வரிகளை அப்படியே எடுத்ததுதான் உரிமை மீறல். அவ்வாறே, ஒருவர் டெவலப்பர் கருவியைத் திறந்து ஒரு நிரல் எப்படி இயங்குகிறது என்று பார்ப்பது குற்றமன்று. நிரலின் அடிப்படைக் கருத்துகளை அறிய அதை நோக்கிப் பயில்வதைப் பிரிவு 52(1)(ஏசி) அனுமதிக்கிறது.

மெட்டிக் கணக்கின் பிழை உங்களுக்குப் பெரிய வரம். சரியான விடை இருவருக்கும் ஒன்றாகவே வரும். தவறான விடை ஒன்றாக வந்தால், நகலெடுக்கவில்லை என்று வாதிடுவது எதிர்த் தரப்புக்குக் கடினம். ஆகையால் அவர்கள் பக்கத்தைச் சான்றாகப் பதிவுசெய்யும்வரை உங்கள் பிழையைத் திருத்தாதீர்கள், திருத்தினாலும் பழைய வடிவத்தைத் தேதியோடு காத்துவையுங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைப்பதற்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற குறியீட்டையும்) அதில் குறிக்க வேண்டியிருக்கும்.

இனி நீங்கள் விரும்பாத கேள்வி: நிரலை எழுதியவர் யார்? சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் எழுதியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பிரிவு 17இன்படி உரிமை உங்களுடையது. வெளியாளிடம் பணம் கொடுத்து எழுதி வாங்கியிருந்தால், பணம் முழுவதும் கொடுத்திருந்தாலும், முதல் உரிமையாளர் எழுதியவரே. உரிமையை மாற்றித் தருவது பிரிவு 19இன்படி எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் கொள்ளப்படும்.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை

நிரலை எழுதியவர் என் தங்கையின் வகுப்புத் தோழர்; அப்போது கல்லூரியில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தார். பணமும் ஒரு ஜோடிக் கொலுசும் கொடுத்தோம். எழுத்தில் ஒன்றும் இல்லை. நேற்று அவரை அழைத்தேன். அந்த இன்னொரு கடைக்கு அவர் எதுவும் எழுதித் தரவில்லை என்று உறுதியாகச் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து உரிமை மாற்றத்துக்குக் கையொப்பமிட ஒப்புக்கொண்டிருக்கிறார். காலத்தையும் எல்லையையும் குறிப்பிட்டே எழுதப் போகிறோம்.

அணுகல் பதிவையும் பார்த்தேன். எங்கள் வெள்ளி விலை ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் இருக்கிறது. தினமும் காலையில் கடை திறந்ததும் அப்பா சொல்ல நான் அதில் எண்ணை மாற்றுவேன். அந்தக் கோப்பைக் கேட்டு வரும் கோரிக்கைகளில், அனுப்பிய தளம் என்ற இடத்தில் அவர்களுடைய முகவரி இருக்கிறது! நிரலை எடுத்தவர்கள் அந்த ஒரு வரியை மாற்றவே இல்லை. இரண்டு மாதமாக நான் மாற்றும் விலைதான் அவர்கள் கடையிலும் மாறியிருக்கிறது. ஒருநாள் மட்டும் கிராம் விலையைப் பாதியாக எழுதி வைத்துவிடலாமா என்று தம்பி கேட்கிறான், எனக்கும் ஆசைதான்.

அஸ்தம்பட்டி நிரலாளர்

ஆசை புரிகிறது ஐயா, ஆனால் வேண்டாம். ஏமாறுவது அவர்களை நம்பி வரும் வாடிக்கையாளர். தவறான விலையைத் தெரிந்தே வெளியிட்டவர் என்ற பெயர் உங்களுக்கு வரும், உங்கள் வழக்கும் பலவீனப்படும். பதிவுக் கோப்பை முதலில் பத்திரப்படுத்துங்கள். குகை நண்பர் சொன்ன சான்றுகளில் இதைவிட வலுவானது கிடைக்காது. பிறகு விலைக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு, பழைய பெயரில் எதுவும் இல்லாமல் விடுங்கள்.

குகை வழக்கேடு

அதோடு, அவர்கள் தளம் எந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். அமெரிக்க நிறுவனமானால், அந்நாட்டின் 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமான டி.எம்.சி.ஏ.வின்படி, நகலை நீக்கக் கோரி ஓர் அறிவிப்பு அனுப்பலாம். ஞாயிற்றுக்கிழமைக் கையொப்பத்துக்குப் பிறகு அனுப்புங்கள், முன்பு வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை

நடந்ததைத் தெரிவிக்கிறேன். கையொப்பம் ஆகிவிட்டது. கணக்கீடு சர்வருக்குப் போய்விட்டது, சோர்ஸ் மேப் கோப்புகளும் கூலி அட்டவணையும் வெளியில் இல்லை. மூன்று வியாபாரிகளிடம் அப்பா நேரில் பேசினார். ஒருவர் தன் கூலியைக் குறைத்துக் கேட்டார், குறைத்துக் கொடுத்தோம்.

திங்கட்கிழமை விலைக் கோப்பின் பெயரை மாற்றினேன். அன்று காலை முழுவதும் அவர்கள் பக்கத்தில் விலைக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. மாலைக்குள் தங்களுக்கென ஒரு விலைக் கோப்பை வைத்துக்கொண்டுவிட்டார்கள். மெட்டியின் எடையைக் கொடுத்துப் பார்த்தேன். அந்தச் சில ரூபாய் இன்னும் கூடுதலாகத்தான் வருகிறது.